பொறுப்பு என்னும் சொல்: ஆங்கிலிக்கன் திருச்சபையின் பொதுநிலைப் பொறுப்பாளரும் அவர்தம் தமிழ்ப் பெயர்களும்

1. முன்னுரை

கேலாங் ஈஸ்ட் வட்டாரத்தில் சிவன் கோயில் இருக்கிறது. அங்கிருந்து சற்றுத் தொலைவில், கத்தோங்கின் சிலோன் சாலையில், செண்பக விநாயகர் கோயிலும் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்த செயின்ட் ஹில்டா ஆலயமும் இருக்கின்றன. சமயத்தால் வேறுபட்ட இம்மூன்று இடங்களுக்கும் பொதுவான ஓர் அமைப்பு உண்டு. வழிபாட்டை நடத்துபவர் ஒருவர். சொத்தையும் கணக்கையும் ஒழுங்கையும் காப்பவர் வேறு சிலர். சிவன் கோயிலை இந்து அறக்கட்டளை வாரியம் நிர்வகிக்கிறது. செண்பக விநாயகர் கோயிலைச் சிங்கப்பூர் இலங்கைத் தமிழர் சங்கம் நிர்வகிக்கிறது. ஆங்கிலிக்கன் ஆலயங்களில் குருவானவருக்குத் துணையாகச் சபையார் தம்முள் தேர்ந்துகொண்ட சிலர் அப்பணியைச் செய்கின்றனர். இவர்கள் அர்ச்சகரும் அல்லர், குருமாரும் அல்லர். வார நாள்களில் தத்தம் தொழிலைச் செய்து, எஞ்சிய நேரத்தில் பொதுக்காரியம் பார்க்கும் மக்கள்.

கோயில் தர்மகர்த்தாவைப் பற்றித் தமிழ் மாணவர் ஓரளவு அறிவர். திருச்சபையின் பொதுநிலைப் பொறுப்பாளரைப் பற்றி, திருச்சபைக்கு வெளியே இருப்போர் மட்டுமல்லர், உள்ளே இருப்போரும் தெளிவாக அறிவதில்லை. அப்பதவிகள் எவை, எங்கிருந்து வந்தன, தமிழ்மண்ணில் எவ்வடிவம் பெற்றன, கடல்கடந்து சிங்கப்பூரை எவ்வாறு அடைந்தன என்பவற்றை இவ்வுரையில் முறையாகக் காண்போம். மொழியியல் நோக்கில் பதவிகளின் பெயர்களையும் உடன் ஆராய்வோம். பெயரை ஆராய்வது எதற்கு என்னும் வினாவுக்கு உரையின் இறுதிப் பகுதி விடை கூறும்.

2. 'லே' என்னும் சொல்லின் பொருள்

ஆங்கிலத்தில் குருப்பட்டம் பெறாதவரைக் குறிக்கும் 'லே' என்னும் அடைமொழி, 'மக்கள்' என்று பொருள்படும் 'லாவோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆகவே அது தொடக்கத்தில் இழிவுச் சொல் அன்று. மக்களுள் ஒருவர் என்பதே அதன் பொருள். காலப்போக்கில், ஒரு துறையில் பயிற்சி இல்லாதவர் என்னும் இரண்டாம் பொருளும் அதனோடு ஒட்டிக்கொண்டது. தமிழில் மொழிபெயர்ப்போர் பலர் அவ்விரண்டாம் பொருளையே பற்றிக்கொண்டு 'பாமரர்' என்று எழுதிவிடுகின்றனர். பாமரர் என்றால் கல்லாதவர். கணக்காய்வாளராகவும் ஆசிரியராகவும் மருத்துவராகவும் இருக்கும் சபையாரைப் பாமரர் எனல் பொருந்துமா?

தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் 'பொதுநிலையினர்' என்னும் சொல் இவ்விடர்ப்பாட்டை நீக்குகிறது. குருநிலைக்கு எதிரான நிலை பொதுநிலை. அதில் தாழ்வும் இல்லை, அறியாமையும் இல்லை. எனவே இவ்வுரையில் அச்சொல்லையே ஆள்கிறோம். திருநெல்வேலித் திருமண்டலத்தில் 'லே செயலர்' என்னும் பதவிப்பெயர் இன்றும் வழங்குகிறது. அதில் 'செயலர்' தமிழாயிற்று. 'லே' ஆங்கிலமாகவே நின்றது. எப்பகுதி மொழிபெயர்க்கப்பட்டது, எப்பகுதி பெயர்க்கப்படாது நின்றது என்பதே ஒரு சமூகத்தின் சிந்தனை வரலாற்றைக் காட்டும் சான்றாகும்.

'பாரிஷ்' என்னும் சொல்லையும் இங்கே நோக்குவோம். ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள வட்டாரத்தைக் குறிக்கும் இச்சொல், 'பரோயிக்கியா' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து தோன்றியது. அதன் முதற்பொருள், பிறர் நாட்டில் அயலாராய்த் தங்கி வாழ்தல். சொந்த ஊரில் நிலைத்தவரின் சொல்லாக இன்று தோன்றுவது, தொடக்கத்தில் புலம்பெயர்ந்தோரின் சொல்லாக இருந்தது. தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் இத்தீவுக்கு வந்தோரின் சபைகளுக்கு இப்பெயர் வேறு எவரினும் நன்கு பொருந்தும்.

திருநெல்வேலித் தமிழர் 'பாரிஷ்' என்பதற்குச் 'சேகரம்' என்றனர். சேர்த்தல், திரட்டல் என்னும் பொருளுடைய சொல் அது. பல சிற்றூர்ச் சபைகளை ஒருங்கு திரட்டிய தொகுதி சேகரம். அதன் குருவானவர் சேகர குரு. கிரேக்கச் சொல் தங்குவதைப் பேசுகிறது. தமிழ்ச்சொல் சேர்வதைப் பேசுகிறது.

3. இங்கிலாந்தில் வார்டன்

பொதுநிலைப் பதவிகளுள் முதன்மையானது 'சர்ச் வார்டன்' எனப்படுவது. இங்கிலாந்தில் இடைக்காலத்திலேயே இப்பதவி வேரூன்றிவிட்டது. வழக்கமாக ஒரு சேகரத்துக்கு இருவர். ஆண்டுதோறும் கூட்டம் கூட்டி இவர்களைத் தேர்வர். அக்கூட்டத்தில் ஆலய உறுப்பினர் மட்டுமன்றி, அவ்வட்டாரத்தில் வாழும் உள்ளாட்சி வாக்காளரும் கலந்துகொள்ளலாம் என்பது கருதத்தக்கது. வார்டன் ஆலயத்துக்கு மட்டும் உரியவர் அல்லர். ஊருக்கும் உரியவர் என்னும் பழைய கருத்தின் எச்சம் அது.

வார்டனின் கடமைகளை மூவகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, உடைமை காத்தல். ஆங்கிலச் சட்டப்படி ஆலயத்தின் அசையும் பொருள்கள், அதாவது திருவிருந்துப் பாத்திரங்கள், புத்தகங்கள், இருக்கைகள் முதலியன, வார்டன்களின் பொறுப்புடைமை. குருவானவர் மாறிச் செல்லலாம். பாத்திரம் மாறிச் செல்லாது.

இரண்டாவது, ஒழுங்கு காத்தல். வழிபாட்டு நேரத்தில் கலகம் நேராமல் பார்ப்பதும், வருவோரை அமர்த்துவதும், காணிக்கை திரட்டுவதும் இதனுள் அடங்கும். பவனியில் இவர்கள் ஏந்தும் கோல் அவ்வதிகாரத்தின் அடையாளம். பல ஆலயங்களில் ஒருவர் கோலின் முனையில் பேராயர் முடியும் மற்றவர் கோலின் முனையில் அரச முடியும் பொறிக்கப்பட்டிருக்கும்.

மூன்றாவது, சான்று கூறல். பேராயரோ அவர் சார்பாக வரும் தலைமைக்குருவோ விசாரணைக்கு வரும்போது, எழுத்தில் கேட்கப்படும் வினாக்களுக்கு வார்டன்கள் விடையளிக்க வேண்டும். கட்டடம் பழுதின்றி உள்ளதா, பதிவேடுகள் ஒழுங்காக எழுதப்படுகின்றனவா, குருவானவர் தம் கடமையைச் செய்கிறாரா என்பன அவ்வினாக்கள். குருவானவரோடு இணங்கிப் பணிசெய்ய வேண்டிய ஒருவரே, தேவை நேர்ந்தால் அவரைப் பற்றி மெய் உரைக்கவும் கடமைப்பட்டவர். மக்களுக்கும் பேராயருக்கும் ஒருங்கே விடைகூற வேண்டிய நிலை இது. இவ்விரட்டைக் கடமையே வார்டன் பதவியின் உயிர்நாடி எனலாம்.

1601ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம் வார்டன்களை ஊர் வறியோரைக் காக்கும் மேற்பார்வையாளராகவும் ஆக்கியது. ஆலயத்தின் உடையறையில் கூடியதால் 'வெஸ்ட்ரி' எனப் பெயர்பெற்ற ஊர்க்கூட்டம், வரி விதித்து வறியோர்க்குப் பகிர்ந்தது. உடை வைக்கும் அறையின் பெயர் ஆட்சிக் கூட்டத்தின் பெயராயிற்று. இது தமிழிலக்கணத்தார் கூறும் இடவாகுபெயர். கட்டாய ஆலய வரி 1868இல் நீங்கியது. 1894ஆம் ஆண்டின் சட்டம் ஊராட்சிப் பணிகளைத் தனி மன்றங்களுக்கு மாற்றியது. 1921ஆம் ஆண்டின் விதிமுறை சேகர மன்றங்களுக்குச் சட்டவழி அதிகாரம் அளித்தது. இன்று ஆங்கிலிக்கர் 'பி.சி.சி.' என்று சுருக்கமாக வழங்குவது அம்மன்றத்தையே.

வார்டனுக்குத் துணைசெய்வோர் 'சைட்ஸ்மென்'. இப்பெயர் 'சினட்ஸ்மென்', அதாவது பேரவைக்குரியோர், என்பதன் மரூஉ எனப் பல நூல்கள் கூறும். அதற்குத் தக்க சான்று இல்லை. பக்கத்தில் நிற்போர் என்னும் நேர்ப்பொருளே போதும். சொல்லுக்குப் பெருமை தேடப்போய் வரலாறு புனையும் வழக்கம் தமிழுக்கு மட்டும் உரியது அன்று என்பதை மாணவர் இதனால் அறியலாம்.

4. தமிழ்மண்ணில் உபதேசியார்

இங்கிலாந்தில் ஊர்தோறும் குருவானவர் இருந்தார். அவருக்குத் துணையாகப் பொதுநிலையினர் இருந்தனர். தமிழகத்தில் நிலைமை நேர்மாறானது. பல ஊர்களில் சபை முதலில் தோன்றியது. குருவானவர் பின்னரே வந்தார்.

பாளையங்கோட்டைச் சபையே இதற்குச் சான்று. 1778இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் திருமுழுக்குப் பெற்றவர் குளோரிந்தா என்னும் மராட்டியப் பிராமணக் கைம்பெண். 1780இல் அச்சபையின் பதிவேட்டில் 40 பெயர்கள் இருந்தன. 1785இல் குளோரிந்தாவின் முயற்சியால் அங்கே கட்டப்பட்ட சிற்றாலயம் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. சுவார்ட்ஸ் தங்கியிருந்ததோ தஞ்சாவூரில். உபதேசியாராக அனுப்பப்பட்ட சத்தியநாதன் 1790இல்தான் குருப்பட்டம் பெற்றார். இடைப்பட்ட ஆண்டுகளில் சபையைத் தாங்கியவர் ஒரு பெண்மணியும் உபதேசியாரும் எளிய மக்களுமே. அக்காலத்தில் இப்பணி எஸ்.பி.சி.கே. என்னும் ஆங்கிலிக்கன் சங்கத்தின் பொருளுதவியால், லுத்தரன் மிஷனெரிமாரைக் கொண்டு நடைபெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்னும் இரு ஆங்கிலிக்கன் சங்கங்கள் பொறுப்பை ஏற்றன. 1820இல் ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபின் சபைகள் ஊர் ஊராகப் பெருகின. 1841இல் இடையன்குடியில் பணிதொடங்கிய கால்டுவெல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் இயற்றியவர் என்ற வகையில் மொழியியலார் யாவரும் அறிந்தவர்.

ஒரு மிஷனெரியின் பொறுப்பில் பல ஊர்கள் இருந்தன. அவர் ஓர் ஊருக்கு எப்போதேனும் ஒருமுறை வருவார். நாள்தோறும் அங்கே இருந்தவர் உபதேசியார். காலையும் மாலையும் ஜெபம் படிப்பது, திருமுழுக்குக்கு ஆயத்தம் செய்வது, நோயாளியைப் பார்ப்பது, பிறப்பு இறப்புகளைப் பதிவது, வழக்குகளைத் தீர்த்துவைப்பது, எழுதத் தெரியாதவர்க்கு மனு எழுதிக்கொடுப்பது ஆகியன அவர் கடமைகள். பல ஊர்களில் பள்ளி ஆசிரியரும் அவரே. குறித்த நாளில் மிஷனெரியிடம் சென்று நாட்குறிப்பைக் காட்டி, மேற்கொண்டு பாடமும் கேட்டு வருவார். திருவிருந்து நடத்தும் உரிமை ஒன்றுதான் அவருக்கு இல்லை.

'உபதேசியார்' என்பதில் வடசொல்லோடு தமிழ் ஆர்விகுதி சேர்ந்துள்ளது. ஆங்கிலத்தில் 'கேட்டகிஸ்ட்' என்பது வினாவிடை கற்பிப்பவர் என்னும் அளவில் நிற்கிறது. தமிழ்ச்சொல் குரு உபதேசம் என்னும் நெடுமரபிலிருந்து கிளைத்து, மரியாதைப் பன்மையும் பெற்று, ஊரார் எழுந்து வணங்கும் பெயராயிற்று. ஆலயத்தைப் பெருக்கி, விளக்கேற்றி, மணியடிப்பவரைத் தென்மாவட்டங்களில் 'கோயில்பிள்ளை' என்றும் 'கோயில்குட்டியார்' என்றும் அழைப்பர். 'குட்டி' என்பது சிறுமை குறித்தது. 'ஆர்' உயர்வு குறித்தது. பணியின் எளிமையும் பணியாளர்க்குரிய மதிப்பும் ஒரே சொல்லில் அமைந்த அரிய ஆக்கம் இது.

பெண்களின் பணியையும் இங்கே குறிக்க வேண்டும். 'பைபிள் உமன்' என்று அழைக்கப்பட்ட வேதாகமப் பெண்கள், ஆடவர் நுழைய இயலாத வீடுகளுக்குச் சென்று எழுத்தும் வேதமும் கற்பித்தனர். நாள்தோறும் உலையில் இடும் அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து வைத்து ஆலயத்துக்கு அளிக்கும் 'பிடி அரிசி'க் காணிக்கை வீட்டுப் பெண்களின் கையில் இருந்தது. மன்றக் கூட்டங்களில் இடம்பெறாத அவர்கள், மன்றங்களின் வருவாயில் இடம்பெற்றனர்.

5. ஊதியத்திலிருந்து உரிமைக்கு

வார்டனுக்கும் உபதேசியாருக்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. வார்டன் ஊதியமின்றிச் சபையாரால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். உபதேசியார் ஊதியம் பெற்று மிஷனால் அமர்த்தப்பட்டவர். முன்னவர் மக்களுக்கு விடைகூறினார். பின்னவர் மிஷனெரிக்கு விடைகூறினார். ஆகவே உபதேசியாரின் தொண்டு எவ்வளவு பெரிதாயினும், சபையாரின் ஆட்சியுரிமை அதனால் நிறைவு பெறவில்லை.

இக்குறையை உணர்ந்தவருள் சி.எம்.எஸ். சங்கத்தின் செயலர் ஹென்றி வென் ஒருவர். ஒரு சபை தன்னைத் தானே தாங்கவேண்டும், தானே ஆளவேண்டும், தானே பரப்பவேண்டும் என்பது அவர் வகுத்த கொள்கை. அதன் வழியே 1860களின் இறுதியில் திருநெல்வேலியில் சுதேச சபைச் சங்கங்கள் ஏற்பட்டன. இந்தியக் குருமாரும் ஊர்ச்சபைகளின் பொதுநிலைப் பேராளரும் அவற்றில் அமர்ந்து, காணிக்கையைக் கணக்கிட்டு, உபதேசியார்க்குரிய ஊதியத்தைப் பங்கிட்டனர். பணத்தைத் தந்தவரே அதன் செலவைப் பேசும் நிலை பிறந்தது. மிஷனின் மேற்பார்வை ஒரே நாளில் நீங்கிவிடவில்லை. ஆயினும் பனையேறியும் உழவரும் நெசவாளரும் நிறைந்த சபைகளிலிருந்து வந்தோர் தலைவர் முன் எழுந்து பேசவும், கணக்குக் கேட்கவும், தீர்மானம் எழுதவும் பழகினர். சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு 1920இல் தேர்தல் நடப்பதற்கு அரை நூற்றாண்டு முந்திய செய்தி இது.

இப்பயிற்சியில் விளைந்தவருள் தலைசிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. வெள்ளாளன்விளையில் பிறந்து, ஒய்.எம்.சி.ஏ. செயலராய்ப் பணியாற்றிய அவர், 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியபோது அதனை நிறுவியோருள் முன்னின்றார். அப்போது அவர் குருவானவர் அல்லர், பொதுநிலையினரே. 1909இல் குருப்பட்டம் பெற்று, 1912இல் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் பேராயரான முதல் இந்தியர் அவரே.

1947 செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, தமிழக ஆங்கிலிக்கன் சபைகள் பிற சபைகளோடு இணைந்தன. சேகரக் கமிட்டி, திருமண்டலப் பெருமன்றம் என்னும் படிநிலைகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட பொதுநிலையினர் இன்றும் அமர்கின்றனர். அத்தேர்தல்கள் சில வேளை பொதுத்தேர்தலை விஞ்சும் சூட்டோடு நடப்பதும், வழக்குமன்றம் வரை செல்வதும் உண்டு. உரிமை கிடைத்த இடத்தில் பூசலும் வரும். அதற்கு மருந்து உரிமையைப் பறிப்பது அன்று. கணக்கை வெளிப்படையாக வைப்பது.

6. கடல் கடந்த சபைகள்

தமிழர் சென்ற இடமெல்லாம் உபதேசியாரும் சென்றார். இலங்கையில், சுவார்ட்ஸ் ஐயரின் மாணவரான கிறிஸ்தியான் தாவீது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்தில் பணியாற்றி, 1824இல் பேராயர் ஹீபரிடம் ஆங்கிலிக்கன் குருப்பட்டம் பெற்றார். கண்டிமலைக் காப்பித் தோட்டங்களில் உழைத்த தமிழரிடையே 1854இல் 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கியது. திருநெல்வேலி உபதேசியார்கள் அங்குச் சென்று தோட்டம் தோட்டமாக நடந்தனர்.

சிங்கப்பூரில் 1856ஆம் ஆண்டு இரு வகையில் நினைக்கத்தக்கது. இன்றைய செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்துக்கு அவ்வாண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பால் அது எழுந்தது. அதே ஆண்டில் ஆசிய மக்களிடையே பணிபுரியும் செயின்ட் ஆண்ட்ரூஸ் சபை மிஷனும் தோன்றியது. 1872இல் இலங்கையரான வில்லியம் ஹென்றி கோமஸ் அதன் பொறுப்பை ஏற்று முப்பது ஆண்டுகள் பணியாற்றினார். ஸ்டாம்ஃபர்ட் சாலையில் அவர் எழுப்பிய செயின்ட் பீட்டர்ஸ் ஆலயத்தில் பல மொழிகளில் வழிபாடு நடந்தது. அங்கும் தமிழரிடையே நாள்தோறும் பணிசெய்தவர் உபதேசியாரே. பின்னர் லிட்டில் இந்தியாவை அடுத்த டோர்செட் சாலையில், 1940ஆம் ஆண்டு வாக்கில், தமிழ்ச் சபைக்கெனக் கிறைஸ்ட் சர்ச் ஆலயம் எழுந்தது.

ஜப்பானியர் ஆட்சிக்காலம் இச்சபைகளுக்கு ஒரு தேர்வாயிற்று. 1943இல் பேராயர் லெனர்ட் வில்சன் சாங்கியில் அடைக்கப்பட்டார். ஐரோப்பியக் குருமார் இல்லாத நிலையில் டி. டி. செல்லையா முதலிய ஆசியக் குருமாரும் பொதுநிலையினரும் சபைகளைத் தாங்கினர். வெளியார் கையை எதிர்பாராது நிற்கும் பயிற்சி முன்பே இருந்த சபைகளுக்கே அது இயலும்.

செல்லையாவை மொழி ஆசிரியர்கள் வேறு ஒரு காரணத்துக்காகவும் அறிய வேண்டும். நீரிணைக் குடியேற்றங்களின் கல்விக் கொள்கை வரலாற்றை ஆராய்ந்து அவர் எழுதிய நூல் 1947இல் வெளிவந்தது. தாய்மொழிகளை அடிப்படையாகக் கொண்ட புதிய கல்விமுறை வேண்டும் என்று அதில் பரிந்துரைத்தார். ஆங்கிலவழிப் பள்ளியில் ஆசிரியராயிருந்த ஓர் ஆங்கிலிக்கன் குருவானவர் இவ்வாறு எழுதினார் என்பது, சபையின் மொழியும் கல்வியின் மொழியும் அவர் சிந்தையில் பிரிந்து நிற்கவில்லை என்பதைக் காட்டுகிறது.

7. பெயர் இன்மையும் உரிமை இன்மையும்

இனி மொழிக்கு வருவோம். மூப்பர், கண்காணி, உதவிக்காரர் என்னும் சொற்கள் தமிழ் விவிலியத்தில் உள்ளன. சீர்திருத்த சபைகள் சில 'மூப்பர்' என்பதைப் பொதுநிலைப் பதவிக்கு ஏற்றுக்கொண்டன. 'வார்டன்' என்பதற்கு மட்டும் நிலைபெற்ற தமிழ்ப்பெயர் அமையவில்லை. மேற்பார்ப்பவர் என்னும் பொருளில் 'கண்காணி' பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் விவிலியத்தில் அது பேராயர் பொறுப்புக்கு நெருங்கிய சொல். இலங்கை, மலாயாத் தோட்டங்களிலோ தொழிலாளரை வேலைவாங்கியவரின் பெயர். ஒரு பக்கம் மிக உயர்ந்தும் மறுபக்கம் மிகக் கசந்தும் போன சொல்லை எவரும் இப்பதவிக்கு எடுக்கத் துணியவில்லை என்று கருத இடமுண்டு. 'காவலர்' எனின், சிங்கப்பூரில் அது காவல்துறையினரையே நினைவூட்டும்.

ஆகவே இன்றைய தமிழ்ச் சபைப் பேச்சில் 'வார்டன்', 'பி.சி.சி.', 'ஏ.ஜி.எம்.' என்னும் ஒலிகளே நிற்கின்றன. கடன்சொல்லால் மொழி கெட்டுவிடும் என்னும் அச்சம் நமக்கு இல்லை. பிஷப், மிஷன், கமிட்டி என்பன தமிழோடு கலந்து நூறாண்டுகள் ஆயின. நாம் கவலைகொள்வது வேறு ஒன்றைப் பற்றி. பெயர் தமிழில் இல்லாதபோது, அப்பெயருக்குரிய கடமையும் உரிமையும் தமிழில் விளக்கப்படாமலே போகின்றன.

இதன் விளைவை எண்ணிப் பார்ப்போம். ஞாயிறு வழிபாடு தமிழில் நடக்கிறது. ஆண்டுக் கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கிறது. பாடல் தமிழில், வரவுசெலவு ஆங்கிலத்தில். அச்சபையில் தமிழ் மட்டும் நன்கறிந்த முதியவரும், வேலைக்கு இங்கு வந்துள்ள தொழிலாளரும் இருப்பர். அவர்கள் பாடலாம், வணங்கலாம், காணிக்கை இடலாம். கணக்குக் கேட்க இயலாது. மக்கள் என்னும் பொருளுடைய 'லாவோஸ்', அறியாதவர் என்னும் பொருளுடைய 'பாமரர்' ஆகிவிடுவது இவ்வாறுதான். மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழை என்று நாம் மேலே கண்டது, கூட்ட அறையில் மெய்யாகிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. அனைத்தையும் தமிழிலேயே நடத்தினால் இங்குப் பிறந்த இளையர் வெளியே நிற்பர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 வயதும் அதற்கு மேற்பட்ட வயதுமுடைய குடியிருப்பாளருள் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காட்டினர், 2020இல் 2.5 விழுக்காட்டினர். இந்நிலையில் பொதுக்காரியம் இருமொழியிலும் நடப்பதே நேர்மையானது. அதற்கு முதற்படி, கூட்டத்தின் மொழியாக இயங்கும் ஆற்றல் தமிழுக்கு உண்டு என்பதை மறவாதிருத்தல். சபைச் சங்கங்களில் எளிய ஊரார் ஊதியத்தையும் காணிக்கையையும் பேசிய அம்மொழி இன்று அப்பணிக்குப் போதாது எனல் பொருந்தாது. குறை மொழியில் இல்லை, வழக்கம் விட்டுப்போயிற்று.

ஒரு மொழி வீட்டிலும் வழிபாட்டிலும் மட்டும் வழங்கினால் அது அன்பின் மொழியாக வாழும். கணக்கிலும் தீர்மானத்திலும் தேர்தலிலும் வழங்கினால்தான் உரிமையின் மொழியாகவும் வாழும். மொழியியலார் 'பயன்பாட்டுக் களம்' என்று கூறுவது இதனையே. சபை மன்றமும் கோயில் நிர்வாகக் குழுவும் பள்ளிவாசல் குழுவும் சங்கங்களும் சிங்கப்பூரில் தமிழுக்கு எஞ்சியுள்ள பொதுக்காரியக் களங்கள்.

8. ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

'வார்டன்' என்பதற்குச் 'சபைப் பொறுப்பாளர்' என்னும் சொல்லை நாம் பரிந்துரைக்கிறோம். 'பொறு' என்னும் வினை, சுமத்தலையும் தாங்குதலையும் பொறுமையையும் ஒருங்கே குறிக்கும். உடைமையைத் தாங்குதல், ஒழுங்கைத் தாங்குதல், மெய்யுரைப்பதால் வரும் வருத்தத்தைத் தாங்குதல் ஆகிய மூன்றும் அதனுள் அடங்கும். காவல் என்னும் கருத்தைவிடத் தாங்குதல் என்னும் கருத்தே இப்பதவியின் வரலாற்றுக்கு நெருக்கமானது.

ஆசிரியர்கள் வகுப்பறையில் செய்யத்தக்க பயிற்சிகள் சில உள. மாணவர் தாம் அறிந்த கோயில், ஆலயம், பள்ளிவாசல், சங்கம் ஒன்றின் பொறுப்பாளர் பெயர்களைத் திரட்டலாம். காரியதரிசி செயலாளர் ஆனதையும், தர்மகர்த்தா அறங்காவலர் ஆனதையும், கோயில்பிள்ளை என்னும் பெயர் அருகிவருவதையும் பட்டியலிட்டு ஒப்பிடலாம். மாதிரிக் கூட்டம் ஒன்றை நடத்தி, முன்மொழிதல், வழிமொழிதல், திருத்தம் கூறல், கூட்டக்குறிப்பு எழுதுதல் ஆகியவற்றைத் தமிழில் பழகலாம். கட்டுரையில் தேர்ந்த மாணவர் பலர், ஒரு பக்க வரவுசெலவு அறிக்கையைத் தமிழில் படித்து ஐயம் கேட்க இடர்ப்படுவர். இரண்டும் மொழித்திறனே. உபதேசியார் வீட்டு முதியோரிடம் பழைய நாட்குறிப்போ பதிவேடோ இருப்பின், அவற்றைப் படியெடுத்துக் காப்பதும் மாணவர்க்கு ஏற்ற பணி.

இதுகாறும் கூறியவற்றால், ஆங்கிலிக்கன் திருச்சபையின் பொதுநிலைப் பதவி குருவானவருக்கு எடுபிடியாக அமைந்தது அன்று, மக்கள் சார்பில் தாங்கவும் கேட்கவும் அமைந்தது என்பதும், தமிழர் அதனை உபதேசியார் வழியாகவும் சபைச் சங்கம் வழியாகவும் தமதாக்கிக்கொண்டனர் என்பதும் பெறப்படும். அப்பதவிக்குரிய கணக்கையும் குறிப்பையும் அடுத்த தலைமுறையும் தமிழில் படித்துக் கேள்வி கேட்குமாறு பழக்குதல் நம் கடமை என்பதே இவ்வுரையின் துணிபு.